ஃபுக்குவோக்காவில் கேட்ட கதைப்பாட்டு



ஜப்பானுக்குப் போன டீச்சர் பூ படம் போடுவார், ரயில் படம் போடுவார் என்று பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். அதையெல்லாம் என் மருமகள் போட்டு முடித்துவிட்டாள். நான் எழுத வந்தது போன மாதம் கேட்ட ஒரு கச்சேரியைப் பற்றி. கொஞ்சம் நீளம்தான். வேலையெல்லாம் முடித்து, சாப்பிட்டுவிட்டு ஆற அமரப் படியுங்கள். 1991-92-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள் மட்டும் கடைசி வரி வரை கட்டாயம் படிக்க வேண்டும். உங்களுக்கு வீட்டுப்பாடம் உண்டு.

மகன் குடியிருப்பது ஃபுக்குவோக்காவில். ஜப்பானின் தெற்கே கியூஷூ என்று ஒரு பெரிய தீவு. அதில் உள்ள நகரம். இங்கே வந்த நாளிலிருந்து கோயில், கடை, கடற்கரை என்று சுற்றிக்கொண்டிருந்தோம். ஒருநாள் மருமகள், "அத்தை, பக்கத்து மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய இசைக் கச்சேரி இருக்கிறது. பாட்டிலேயே கதை சொல்வார்களாம். வருகிறீர்களா?" என்று கேட்டாள். கதை என்றால் எனக்குச் சொல்ல வேண்டுமா? உடனே சேலை மாற்றிவிட்டேன்.

சின்ன மண்டபம்தான். வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் என் வயதுக்காரர்கள். நம் ஊர்க் கச்சேரியில் பாதியில் எழுந்து போவது, பக்கத்தில் இருப்பவரிடம் ராகம் கேட்பது, கைத்தாளம் போடுவது எல்லாம் உண்டல்லவா? இங்கே ஒன்றும் கிடையாது. இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு உருப்படியும் முழுதாக முடிந்து, வாத்தியக்காரர் கையை எடுத்த பிறகுதான் கைதட்டல்.

முதலில் கொத்தோ. ஆறடி நீளமுள்ள மரம், அதன்மேல் 13 தந்திகள். ஒவ்வொரு தந்திக்கும் கீழே ஒரு சின்னக் குதிரை நிற்கிறது. சுருதி மாற்ற வேண்டும் என்றால் அந்தக் குதிரைகளை இப்படியும் அப்படியும் நகர்த்துகிறார்கள். வலது கையில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் நகம்போல ஒன்றை மாட்டிக்கொண்டு மீட்டுகிறார்கள். இடது கை குதிரைக்கு அந்தப் பக்கம் தந்தியை அழுத்த, சுரம் மெல்ல ஏறி இறங்குகிறது. வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். வாசித்தது 'ரொக்குதான்' என்கிற பழைய உருப்படி. ஆறு பகுதி என்று பொருள். மெதுவாகத் தொடங்கி, பகுதிக்குப் பகுதி வேகம் கூடி, கடைசியில் மறுபடி அடங்குகிறது. 17-ஆம் நூற்றாண்டில் இருந்த யத்சுஹாஷி கெங்கியோ என்ற கலைஞர் அமைத்தது என்று சொல்லி வருகிறார்கள். அவர் கண் பார்வை இல்லாதவர்.

அடுத்து கொத்தோவும் ஷக்குஹாச்சியும் சேர்ந்து. ஷக்குஹாச்சி என்பது மூங்கில் குழல். நம் புல்லாங்குழல் மாதிரிப் பக்கவாட்டில் பிடிக்காமல் நேராகக் கீழ்நோக்கிப் பிடித்து, மேல் நுனியில் ஊதுகிறார்கள். முன்னால் நான்கு துளை, பின்னால் ஒன்று, அவ்வளவுதான். அந்த ஐந்து துளையை வைத்துக்கொண்டு, தலையை அசைத்து அசைத்தே சுரத்தை வளைக்கிறார் மனிதர். மூச்சுக் காற்றின் சத்தமும் சேர்ந்தே கேட்கிறது. அதை மறைக்க அவர்கள் முயல்வதே இல்லை. அதுவும் இசையில் சேர்த்தி.

அவர்கள் வாசித்தது 'ஹரு நோ உமி'. வசந்தகாலக் கடல் என்று அர்த்தம். மியாகி மிச்சியோ 1929-இல் அமைத்தது. புத்தாண்டு சமயத்தில் ஜப்பான் முழுக்கக் கடைகளில்கூட இதுதான் ஒலிக்குமாம். நாலாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியே, "ஆச்சி, இது எனக்குத் தெரியும்!" என்று காதில் சொன்னாள். அலை வந்து வந்து போவதுபோல் கொத்தோ. அதற்கு மேலே பறவை மிதப்பதுபோல் குழல். இதை அமைத்த மியாகியும் சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். பார்வை இல்லாத ஒருவர் அமைத்த கடலை, கண் உள்ள நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம்.

இரண்டு உருப்படி, இரண்டுமே பார்வையற்றவர்கள் தந்தவை. இது தற்செயல் இல்லை என்று பிறகு மருமகள் படித்துச் சொன்னபோது தெரிந்தது. பழைய ஜப்பானில் பார்வையற்ற இசைக்கலைஞர்களுக்கென்று ஒரு சங்கமே இருந்தது. அதில் படிப்படியாகப் பட்டங்கள் உண்டு. 'கெங்கியோ' என்பது அதில் உயர்ந்த பட்டம். குருவிடம் காதால் கேட்டு, மனத்தில் பதித்து, சீடனுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பெரிய பெரிய உருப்படிகளும் நெடுங்கதைகளும் அப்படித்தான் வந்தன. 1871-இல் புதிய அரசாங்கம் அந்தச் சங்கத்தைக் கலைத்துவிட்டது.

கடைசியாகத்தான் நான் காத்திருந்த கதைப்பாட்டு.

என் வயது இருக்கும் ஒரு அம்மாள், கருநீலக் கிமோனோவில், மடியில் பிவாவோடு வந்து அமர்ந்தார். பிவா என்பது பேரிக்காய் வடிவத்தில், கழுத்து குட்டையாக இருக்கும் தந்தி வாத்தியம். சீனா வழியாக அந்தக் காலத்திலேயே ஜப்பானுக்கு வந்தது. நம் சரஸ்வதியும் புத்த மதத்தோடு இங்கே வந்து 'பென்சைத்தென்' ஆகியிருக்கிறாள். அவள் கையில் நம் ஊரில் வீணை, இங்கே பிவா. இந்த ஃபுக்குவோக்கா வட்டாரத்துக்குப் பழைய பெயர் சிக்குசென். சுமார் நூற்றிருபது, நூற்றிமுப்பது வருடங்களுக்கு முன் இங்கேயே உருவான பிவாவுக்கு 'சிக்குசென் பிவா' என்று பெயர். இதைப் பெண்கள் நிறையப் பேர் கற்று வாசிக்கிறார்கள்.

விரிந்த விசிறிபோல ஒரு மரத்துண்டு கையில். அதால் தந்தியை ஒரு அடி அடித்தார். 'ஙொய்ய்ங்' என்று ஒரு ரீங்காரம். எங்கேயோ கேட்ட சத்தமாக இருக்கிறதே என்று யோசித்தேன். நம் தம்புராவேதான்! தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூலை வைத்து, அந்த ரீங்காரம் வரும்வரை நகர்த்துவார்கள், அதை ஜீவா என்பார்கள். அதே ரீங்காரத்தைத்தான் இவர்கள் வேறு வழியில் வரவழைக்கிறார்கள். அதற்குப் பெயர் 'சவாரி'. நம் மாட்டுவண்டிச் சவாரி இல்லை, தொடுதல் என்று பொருளாம்.

பாடிக்கொண்டே வாசிப்பார் என்று நினைத்தேன். அப்படி இல்லை. ஒரு வரி பாடுகிறார், நிறுத்துகிறார். பிவா பேசுகிறது. மறுபடி பாடுகிறார். எங்கள் தென்பக்கத்து வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவாரே, அந்த 'ஆமா'வை இங்கே வாத்தியமே போடுகிறது. சண்டை வரும் இடத்தில் அந்த மரத்துண்டு தந்தியோடு வாத்தியத்தின் உடம்பையும் சேர்த்து அறைகிறது. எனக்கு மொழி தெரியாது. ஆனால் எங்கே அம்பு பறக்கிறது, எங்கே ஒருவர் அழுகிறார் என்பது தெரிந்தது. சுமார் இருபது நிமிடம். எங்கள் வரிசையில் ஒரு தாத்தா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். கதை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்திருக்கும். முடிவும் தெரியும். இருந்தும் அழுகிறார்.

கதையைச் சொல்கிறேன். ஹெய்க்கே, கென்ஜி என்று இரண்டு பெருங்குடும்பங்கள். 1180 முதல் 1185 வரை இரண்டுக்கும் போர். ஹெய்க்கே குடும்பத்தின் பேரப்பிள்ளை அந்தொக்கு. இரண்டு வயதுகூட நிறையாத குழந்தையைச் சக்கரவர்த்தி ஆக்கினார்கள். 1183-இல் தலைநகரை விட்டு ஓட வேண்டி வந்தது. குழந்தையையும் தூக்கிக்கொண்டு கடலோரம் கடலோரமாக ஓடினார்கள். கடைசியில் தான்-நோ-உரா என்ற ஜலசந்தியில் படகுகளில் சண்டை. தேதி 1185 ஏப்ரல் 25. அதுவும் வசந்தகாலக் கடல்தான். ஹெய்க்கே தோற்றார்கள். எல்லாம் முடிந்தது என்று தெரிந்ததும் பையனின் பாட்டி அவனைத் தூக்கிக்கொண்டாள். எங்கே போகிறோம் என்று பேரன் கேட்கிறான். கடலுக்குக் கீழேயும் ஒரு தலைநகரம் இருக்கிறது, அங்கே போகிறோம் என்று சமாதானம் சொல்லிவிட்டு, அவனை அணைத்துக்கொண்டு குதித்துவிடுகிறாள். அவனுக்கு அப்போது ஆறு வயது.

அவனுடைய அம்மாவும் குதித்தாள். ஆனால் எதிரிப் படகுக்காரர்கள் அவள் தலைமுடியைக் கொக்கியில் மாட்டி இழுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். அவள் துறவியாகி, கியோத்தோவுக்கு வடக்கே மலைப்பக்கம் ஒரு சின்ன மடத்தில், மகனுக்காகப் பிரார்த்தனை செய்தபடியே மீதி நாளைக் கழித்தாள்.

ஜெயித்தது கென்ஜி குடும்பம். நாட்டை ஆண்டதும் அவர்கள்தான். ஆனால் பாட்டுக்குப் பெயர் 'ஹெய்க்கேயின் கதை'. முப்பத்தைந்து வருடம் வகுப்பில் யார் ஜெயித்தார், எந்த ஆண்டு ஜெயித்தார் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். பாடகர்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பாடியிருக்கிறார்கள். தோற்றுப்போனவர்கள், வயதுக்கு முந்திப் போனவர்கள், அவர்களுடைய ஆவி சாந்தியடைய வேண்டும் என்றுதான் பார்வையற்ற பிவாக் கலைஞர்கள் ஊர் ஊராகப் போய் இதைப் பாடினார்கள். 1371-இல் கக்குயிச்சி என்ற பார்வையற்ற கலைஞர் முழுக்கதையையும் வாயால் சொல்லி எழுத வைத்தார். இன்று பள்ளிக்கூடத்தில் அதன் தொடக்கத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள்.

அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் அடம்பிடித்ததால் அடுத்த ஞாயிறு மகன் கூட்டிக்கொண்டு போனான். ஃபுக்குவோக்காவிலிருந்து ரயிலில் போய்விடலாம். கியூஷூவுக்கும் ஜப்பானின் பெரிய தீவுக்கும் இடையே உள்ள கன்மோன் ஜலசந்திதான் அது. எதிர்க்கரை தெளிவாகத் தெரிகிறது, அவ்வளவு குறுகல். தண்ணீர் ஆறுபோல ஓடுகிறது. ஒரு நாளில் நான்கு முறை ஓட்டம் திசை மாறுமாம். அதன் அடியில் நடந்து போவதற்கென்றே 1958-இல் ஒரு சுரங்கப்பாதை போட்டிருக்கிறார்கள். லிஃப்டில் இறங்கி 780 மீட்டர் நடந்தால் அக்கரை. நடப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஊர்க்காரர்கள் உடற்பயிற்சிக்கு வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். நடுவே தரையில் இரண்டு மாகாணங்களுக்கும் எல்லைக்கோடு போட்டிருக்கிறது. பேத்தி ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்துக்கொண்டு படம் எடுக்கச் சொன்னாள். தலைக்கு மேலே அந்தக் கடல். எனக்கு அந்தப் பாட்டி சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

அக்கரையில் கொஞ்ச தூரம் நடந்தால் அக்காமா கோயில். வாசலே வேறு மாதிரி. கீழே வெள்ளை, மேலே செக்கச்செவேல் என்று, கதைகளில் வரும் கடல் அரசனின் மாளிகைபோலக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பையனுக்கான கோயில் அது. பாட்டி சொன்ன சொல்லைப் பொய்யாக்கக் கூடாது என்று, கடலுக்குக் கீழே இருக்க வேண்டிய மாளிகையைக் கரையில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. உள்ளே ஹெய்க்கே வீரர்களின் நினைவுக் கற்கள். பக்கத்திலேயே ஹோயிச்சி என்ற பார்வையற்ற பிவாக்காரரின் சிலை.

ஹோயிச்சி கதையை லஃப்காடியோ ஹெர்ன் 1904-இல் ஆங்கிலத்தில் எழுதி உலகமெல்லாம் தெரிய வைத்தார். ராத்திரியில் யாரோ ஒரு வீரன் வந்து ஹோயிச்சியைப் பாடக் கூட்டிப் போகிறான். பெரிய சபை. தான்-நோ-உரா சண்டையைப் பாடச் சொல்கிறார்கள். இவர் பாட, சபை முழுவதும் விம்மி விம்மி அழுகிறது. பிறகுதான் தெரிகிறது, அவர் உட்கார்ந்து பாடியது கல்லறைகளுக்கு நடுவில். கேட்டவர்கள் எல்லோரும் செத்துப்போன ஹெய்க்கேக்காரர்கள். பேய்க் கதையாகத்தான் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். எனக்கு அந்தச் சிலை முன்னால் பயம் வரவில்லை. செத்தவர்களுக்கும் தங்கள் கதையை யாராவது சொல்லிக் கேட்க வேண்டும் என்று இருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

இது நமக்குப் புதிது இல்லை. திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைகளில் வில்லடித்துப் பாடுவது யாரை? வெட்டுப்பட்டுச் செத்தவர்களை, அகாலமாகப் போனவர்களை. மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த முத்துப்பட்டன் கதையை விடிய விடியக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? கதை எல்லோருக்கும் தெரியும். இருந்தும் வருடா வருடம் பாய் விரித்து உட்காருவோம்.

இப்போது 1991-92 ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருகிறேன்.

நான் யாரைச் சொல்லப் போகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயரை இங்கே போடவில்லை. பொதுவில் எழுதுவதற்கு அவன் அம்மாவிடம் கேட்கவில்லை. ஐப்பசி மழை பெய்து குளம் நிறைந்து கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே நான் ஒன்றும் போடவில்லை. இரண்டு நாள் கழித்து, விதிப்படி, சிவப்பு மையில் ஒரு கோடு. பிள்ளைகள் பயந்துவிடும், அந்தப் பேச்சையே வகுப்பில் எடுக்க வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. இரண்டாவது வரிசையில் அவன் இடத்தில் மட்டும் வருடக் கடைசி வரை ஒருவரும் உட்காரவில்லை. யாரும் உங்களிடம் சொல்லவில்லை, நீங்களாகத்தான் அப்படி விட்டீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவன் வாய்ப்பாட்டை வில்லுப்பாட்டு மெட்டில் பாடுவான், ஞாபகம் இருக்கிறதா? சத்துணவுத் தட்டைக் கவிழ்த்து வைத்து, இரண்டு குச்சியால் தட்டிக்கொண்டு ஏழாம் வாய்ப்பாடு பாடுவான். ஏழெட்டு ஐம்பத்தாறு என்றதும் வகுப்பே 'ஆமா' போடும். வாய்ப்பாடு வராத பிள்ளைகளுக்கும் அந்த வருடம் ஏழாம் வாய்ப்பாடு வந்துவிட்டது.

அவன் அம்மா இன்றும் அதே தெருவில்தான் இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டது. வழியில் என்னைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வார். "டீச்சர், அவன் வகுப்புல என்ன செய்வான்? சொல்லுங்க" என்பார். நான் இந்தத் தட்டுக் கதையைச் சொல்வேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கு இல்லை. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரிக் கேட்பார். ஏழெட்டு ஐம்பத்தாறு வந்ததும் அவரே 'ஆமா' என்பார், சிரிப்பார். ஊரில் மற்றவர்கள் அவன் பேச்சை எடுப்பது இல்லை. எடுத்தால் அவர் மனம் நோகும் என்று நினைக்கிறார்கள். நோவது அவருக்கு எப்போதும் இருப்பதுதான். பேச்சை எடுக்காவிட்டால் அது குறைந்துவிடுமா? அந்தப் பையன் இருந்தான் என்பதை அவர் இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கச்சேரியில் தாத்தா கண்ணைத் துடைத்தபோது எனக்கு இந்த அம்மாதான் நினைவுக்கு வந்தார்.

இன்னொரு விஷயம் படித்தேன். ஹெய்க்கே கதையைப் பழைய முறையில் பாடுவதற்கு 200 பகுதிகள் உண்டு. சுரக் குறிப்பு எழுதிய ஏடுகள் இருக்கின்றன. ஆனால் பார்வையற்ற கலைஞர்கள் காதுவழியாகவே குருவிடமிருந்து சீடனுக்குக் கொடுத்து வந்தது நகோயா நகரத்தில் ஒரு பரம்பரையாக மட்டும் நம் காலத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் மிஞ்சியவை எட்டே பகுதிகள். மற்றவற்றை யாரும் வேண்டாம் என்று தூக்கி எறியவில்லை. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போக, அவர்கள் வாயில் இருந்ததும் கூடவே போய்விட்டது.

அவனைப் பற்றி என்னிடம் இருப்பது ஒரே ஒரு கதை. வகுப்பறைக்குள் நடந்ததுதான் எனக்குத் தெரியும். புளியமரத்தடியில் என்ன விளையாடினான், யாரிடம் கோலி தோற்றான், யார் பென்சிலை ஒளித்து வைத்தான், வீட்டுக்குப் போகிற வழியில் என்ன பேசினான், இதெல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது. உங்களுக்கு நாற்பது தாண்டிவிட்டது, எனக்கு அறுபது தாண்டிவிட்டது, அந்த அம்மாவுக்கு எழுபது.

ஆகவே வீட்டுப்பாடம் இது. ஆளுக்கு ஒன்று, அவனைப் பற்றி ஞாபகம் உள்ளதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். எழுத வராதவர்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புங்கள். சின்ன விஷயமாக இருந்தாலும் போதும், அடித்துக்கொண்டதாக இருந்தாலும் பரவாயில்லை. அழகாக்க வேண்டாம், நடந்தபடி இருக்கட்டும். இங்கே பின்னூட்டத்தில் போடாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள். நான் தை மாதம் ஊருக்கு வந்துவிடுவேன். பொங்கலுக்கு நீங்கள் ஊருக்கு வரும்போது, காணும் பொங்கல் அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குச் சேர்ந்து போவோம். அவரிடம் முன்கூட்டியே கேட்டு, சரி என்றால்தான் போவோம். அவரவர் கதையை அவரவர் வாயாலேயே சொல்லுங்கள். சந்தைக்காரர் மகனுக்கும் மேலத்தெரு இரட்டையருக்கும் இதை யாராவது எடுத்துச் சொல்லிவிடுங்கள், அவர்கள் முகநூலில் இல்லை.

கடைசி நாள்: மார்கழி முடிவதற்குள். தாமதமாக அனுப்புபவர்களை பெஞ்சு மேல் ஏற்ற முடியாத தூரத்தில் இருக்கிறேன் என்று தைரியப்பட வேண்டாம். ஊருக்கு வந்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
ஃபுக்குவோக்காவிலிருந்து